பானத்தின் மேல் நிற்கும் நுரை

டெல்லி மாநகரின் பழைய பகுதியில், சாந்தினி சௌக், கினாரி பஜார், தரீபா ஆகிய தெருக்களில், குளிர்காலத்துக் காலை வேளையில் ஒரு தின்பண்டம் விற்கப்படுகின்றது. முக்காலி ஒன்றின் மேல் அகன்ற தட்டு. தட்டில் வெண்பஞ்சுப் பொதி போன்ற குவியல். அதன்மேல் குங்குமப்பூவின் மஞ்சட் சாயல். ‘தௌலத் கீ சாட்’ என்பது அதன் பெயர். ‘தௌலத்’ என்றால் செல்வம். அச்செல்வத்தை ஒரு கரண்டி எடுத்து வாயிலிட்டால் அடுத்த கணமே அது கரைந்து மறைந்துவிடும். ஏனெனில் அது பாலின் நுரையேயன்றி வேறன்று. கனஅளவிற் பெரும்பகுதி காற்றே. காற்றை விலை கொடுத்து வாங்கி உண்பவர் எவரும் தாம் ஏமாற்றப்பட்டதாகக் கருதுவதில்லை.

அதே நகரில் காலையில் பால் வாங்க நிற்கும் இல்லத்தரசி, அளவுக் குவளையின் விளிம்பில் நுரை பொங்கி நிற்பதைக் கண்டால் முகஞ்சுளிப்பார். கரோல் பாகில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினரோ நுரையில்லாத காப்பியை ஆறிப்போன காப்பி என்று ஒதுக்குவர். பீர் அருந்துவோரிடையிலும் இவ்வேறுபாடு உண்டு. குவளையைச் சாய்த்துப் பிடித்து நுரை எழாதவாறு வார்க்கச் சொல்பவர் ஒரு சாரார். நுரை நிற்கவில்லையேல் சரக்குப் பழையது என்று திருப்பி அனுப்புபவர் மறு சாரார். ஒரே பொருள் ஓரிடத்தில் சுவையாகவும், ஓரிடத்தில் தரத்தின் அடையாளமாகவும், மற்றோரிடத்தில் அளவுக் குறைவாகவும் தோன்றுவதன் காரணங்களை இங்கே ஆராய்வோம். கிராமங்களிற் பணிபுரியும் அலுவலருக்கு இஃது வெறும் வேடிக்கைச் செய்தியன்று. பாலின் நுரையைச் சரியாக அறியாமையால் நேர்மையான உழவர் ஒருவர் மீது பழி விழக்கூடும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

நுரை ஏன் நிற்கின்றது?

தூய நீரை எவ்வளவு குலுக்கினாலும் நுரை நிற்பதில்லை. நீரின் பரப்பு இழுவிசை மிகுதி. குமிழியின் மெல்லிய சுவரை அது நொடிப்பொழுதில் இழுத்து உடைத்துவிடும். நீருடன் புரதமோ, சோப்பைப் போன்ற பொருளோ சேர்ந்தால் நிலைமை மாறுகின்றது. இப்பொருள்களின் மூலக்கூறுகள் ஒருபுறம் நீரை நாடுவன. மறுபுறம் நீரை விட்டு விலகுவன. ஆதலின் அவை குமிழியின் சுவரிலே வரிசையாக நின்று ஒரு தோலைப்போல அதனைக் காக்கின்றன. பாலில் கேசீனும் மோர்ப்புரதங்களும் இப்பணியைச் செய்கின்றன. பீரில் வாற்கோதுமையிலிருந்து வரும் புரதங்களும், ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவிலிருந்து வரும் கசப்புப் பொருள்களும் ஒன்றுகூடிச் செய்கின்றன. பூந்திக்கொட்டையில் சபோனின் செய்கின்றது.

நின்ற நுரை அழிவதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, குமிழிகளுக்கு இடையிலுள்ள நீர்மம் கீழே வடிந்து சுவர் மெலிதல். இரண்டாவது, மெலிந்த சுவர் உடைந்து இரு குமிழிகள் ஒன்றாதல். மூன்றாவது வழி சற்று நுட்பமானது. சிறிய குமிழியினுள் அழுத்தம் மிகுதி. பெரிய குமிழியினுள் குறைவு. குமிழியின் விட்டம் பாதியானால் அதனுள் இருக்கும் மிகை அழுத்தம் இரு மடங்காகும். எனவே சிறு குமிழியிலுள்ள வளி, சுவரின் நீர்மத்திற் கரைந்து, பக்கத்திலுள்ள பெருங்குமிழிக்குச் சென்றுவிடுகின்றது. எளியோன் பொருள் வலியோன் கைக்குப் போவது போல, சிறியது மறையப் பெரியது பருக்கின்றது. சிறிது நேரத்தில் பட்டுப்போன்ற நுரை, தவளை முட்டை போன்ற பருங்குமிழிகளாக மாறுவது இதனாலேயே.

இம்மூன்றாம் வழியின் வேகம், உள்ளே இருப்பது எந்த வளி என்பதைப் பொறுத்தது. கரியமிலவாயு நீரில் எளிதிற் கரையும். அதே நிலையில் நைட்ரஜன் கரைவதைப்போல் ஏறத்தாழ 50 மடங்கு கரையும். பீரின் நுரையில் இருப்பது கரியமிலவாயு. காப்பி, பால் ஆகியவற்றின் நுரையில் இருப்பது காற்று, அதாவது பெரும்பாலும் நைட்ரஜன். ஆகவே காற்று நுரை இயல்பாகவே நுண்மையாகவும் நீடித்தும் நிற்கும். அயர்லாந்தின் கின்னஸ் நிறுவனத்தார் 1959ஆம் ஆண்டில் தங்கள் கரும்பீரை நைட்ரஜன் கலந்து வார்க்கும் முறையைப் புகுத்தியது இவ்வுண்மையைப் பயன்படுத்தியே. அதன் நுரை பாலாடை போல நிற்பதற்கு வேறு மந்திரம் ஏதுமில்லை.

கொழுப்பு நுரைக்குப் பகை. எண்ணெய்த் துளி குமிழியின் சுவரிற் பட்டதும் பரவி, காவல் நிற்கும் புரதத்தைத் தள்ளிவிடுகின்றது. எண்ணெய்ப் பிசுக்கு நீங்காத குவளையில் வார்த்த பீரிலும், பொரித்த தின்பண்டம் உண்ட உதட்டால் அருந்திய பீரிலும் நுரை விரைவில் மடியும். கடைக்காரரைக் குறை கூறுமுன் குவளையைப் பார்ப்பது நன்று. நம் நாட்டுப் பனைவெல்லம் காய்ச்சுவோர் இதனை நெடுங்காலமாக அறிவர். பதநீர் கொதித்துப் பொங்கி வழியும் வேளையில், நசுக்கிய ஆமணக்கு விதையையோ தேங்காய்த் துருவலையோ அதில் இடுவர், பொங்குதல் அடங்கிவிடும். தொழிற்சாலைகளில் விலையுயர்ந்த நுரையடக்கிகள் செய்யும் வேலை அதுவே.

நாட்டுக்கு நாடு வேறுபடும் சுவை

பீரின் நுரையைப் பற்றி ஐரோப்பியர் கொண்டுள்ள கருத்துகள் ஒன்றோடொன்று பொருந்துவனவல்ல. செக் நாட்டினர் ஒரே பீரை ஒரே குழாயிலிருந்து மூன்று வகையாக வார்த்துத் தருவர். ‘ஹ்லாதின்கா’ என்பது குவளை நிறையப் பீரும் மேலே மூன்று விரற்கடை நுரையும். ‘ஷ்னித்’ என்பதில் நுரையின் பங்கு இன்னும் மிகுதி. ‘ம்லீகோ’ என்றால் அவர்கள் மொழியில் பால். பெயருக்கேற்ப, குவளை முழுவதும் ஈரமிக்க நுரையே. ஜெர்மானியர் உயர்ந்த நுரை முடியை விரும்புவர். அவர்கள் குவளையிற் கோடு ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். நீர்மம் அக்கோட்டை எட்டவேண்டும். நுரைக்கென்று கோட்டின் மேல் இடம் விடப்பட்டிருக்கும். பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் விளிம்பைத் தாண்டிய நுரையைத் தட்டைக் கத்தியால் வழித்துவிடும் பழக்கம் உண்டு. ஜப்பானியர் பீர் ஏழு பங்கு, நுரை மூன்று பங்கு என்பதை அழகிய விகிதமாகக் கருதுகின்றனர்.

இங்கிலாந்தில் ஒரு நாட்டுக்குள்ளேயே இரு மரபுகள் உள்ளன. வடபகுதியினர் கைப்பம்பின் முனையில் நுண்துளை மூடியொன்றைப் பொருத்தி, பீரை அதன் வழியே பீச்சி, கெட்டியான நுரை எழச்செய்வர். தென்பகுதியினர் அம்மூடியை வேண்டார். குவளை விளிம்புவரை பீரே இருக்கவேண்டும் என்பர். இதனால் அங்கே அளவைப் பற்றிய வழக்காடல் நெடுங்காலமாக உண்டு. நுரை உட்பட ஒரு பைண்டா, நுரை நீங்கலாக ஒரு பைண்டா? குறைந்தது 95 விழுக்காடு நீர்மம் இருக்கவேண்டும் என்பது அங்குள்ள தொழிற்றுறையின் வழிகாட்டு நெறி. ஜெர்மானியரின் கோடு இவ்வழக்கிற்கே இடமளிக்கவில்லை என்பதைக் கவனிக்க. அளவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், சுவையைப் பற்றி மட்டுமே பேச்சு நிகழும்.

இந்தியாவில் நவீன முறையிற் பீர் வடித்தல், எட்வர்ட் டையர் என்பார் 1855ஆம் ஆண்டில் கசௌலி மலையில் நிறுவிய வடிசாலையோடு தொடர்புடையது. நம் நாட்டு வடிசாலைகளில் வாற்கோதுமையுடன் அரிசியும் சேர்ப்பது வழக்கம். அரிசி மாவுச்சத்தைத் தருமேயன்றி நுரைக்கு வேண்டிய புரதத்தைப் பெரிதும் தராது. ஆதலின் அரிசிப் பங்கு கூடக்கூட நுரை மெலியும். கோடையில் நன்கு குளிராத பீரைத் திறந்தால் நுரை பீறிட்டு எழுந்து உடனே அடங்குவதும் இயற்கையே; வெம்மையில் கரியமிலவாயு நீர்மத்தில் தங்குவதில்லை. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு மதுவிலக்கை நோக்கி அரசு முயலவேண்டும் எனக் கூறுகின்றது. நம் வாசகருட் பலர் இப்பானத்தைத் தொடாதவர். எனவே நுரையியலை நாம் பாலிலும் காப்பியிலுமே விரிவாகக் காண்பது பொருத்தம்.

பனியில் விளையும் செல்வம்

தௌலத் கீ சாட் செய்வோர் பாலுடன் பாலேட்டைக் கலந்து, குளிர்கால இரவில் திறந்த வெளியில் வைப்பர். விடியுமுன் அதனைக் கடைவர். எழும் நுரையைக் கரண்டியால் மெல்ல எடுத்துத் தட்டிற் குவிப்பர். பின்னர்ச் சர்க்கரைத்தூளும் கோவாவும் பிஸ்தாவும் தூவி விற்பர். இதே பண்டம் லக்னோவில் ‘மக்கன் மலாய்’ அல்லது ‘நிமிஷ்’ எனவும், வாரணாசியில் ‘மலாய்யோ’ எனவும் வழங்கும். ஊர்தோறும் பெயரும் மணமும் வேறுபட்டாலும் காலம் ஒன்றே: குளிர்காலம். வெயில் ஏறினால் குவியல் தளர்ந்து நீராகிவிடும்.

பனித்துளி பாலில் இறங்குவதாலேயே நுரை திரள்கின்றது என்று விற்போர் கூறுவர். ஓரிரவில் ஒரு பாத்திரத்தில் இறங்கும் பனிநீர் மிகச் சிறிதாதலின், இவ்விளக்கத்தை அப்படியே ஏற்பதற்கில்லை. ஆனால் அவர்கள் செய்முறை பிழையன்று. மேகமற்ற இரவில் திறந்த வானத்தை நோக்கி வைக்கப்பட்ட பொருள், வெப்பத்தை வானிற்கு வீசிச் சுற்றியுள்ள காற்றையும்விடக் குளிர்ந்துவிடும். டெல்லியில் ஜனவரி மாதத்து இரவின் சராசரிக் குறைந்த வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியஸ். பனி இறங்கும் இரவு என்பது மேகமற்ற, காற்று அடங்கிய இரவு. ஆதலின் பனியைக் குறியாகக் கொண்டவர் தக்க இரவையே தேர்ந்தெடுத்திருக்கின்றனர். இவ்வியல்பைக் கொண்டே முற்காலத்தில் அலகாபாத்தில் ஆழமற்ற மட்கலங்களில் நீரை வைத்துப் பனிக்கட்டி எடுத்தனர். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்கு இறங்காத இரவிலும் அது கிடைத்தது. சர் ராபர்ட் பார்க்கர் என்பார் இம்முறையை 1775ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் இதழில் விவரித்தார்.

குளிர்ச்சி ஏன் வேண்டும்? மேலே கொழுப்பு நுரைக்குப் பகை என்றோம். இங்கோ பாலேட்டைச் சேர்த்தே நுரை எடுக்கின்றனர். முரண் போலத் தோன்றினும் முரணன்று. உருகிய கொழுப்பே பகை. நன்கு குளிர்ந்த பாலில் கொழுப்புத் திவலைகள் பாதி உறைந்த நிலையில் இருக்கும். கடையும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் குமிழிகளைச் சுற்றிச் சங்கிலிபோற் பிணைந்து, சுவருக்கு முட்டுக்கொடுக்கின்றன. வெப்பம் ஏறியதும் அதே கொழுப்பு உருகிப் பரவி அச்சுவரையே உடைக்கின்றது. நண்பன் பகைவனாவது சில பாகை வெப்பத்திலே. இக்காலத்தில் பனிக்கட்டியும் குளிர்பெட்டியும் உதவினாலும், விற்கும் தெரு சூடாக இருந்தால் நுரை நிற்காது. ஆகையால் இப்பண்டம் இன்றும் பருவத்திற்குக் கட்டுப்பட்டே இருக்கின்றது.

ஆற்றிய காப்பி

தமிழர் காப்பியை ஆற்றுவது சூட்டைத் தணிக்க மட்டுமன்று. டபராவிலிருந்து டம்ளருக்கு உயரத்திலிருந்து ஊற்றும்போது, விழும் தாரை காற்றைத் தன்னுடன் இழுத்துச் சென்று நீர்மத்துள் செலுத்துகின்றது. பாலின் புரதம் அக்காற்றைச் சிறு குமிழிகளாகப் பற்றிக்கொள்கின்றது. சிக்கரி சேர்ந்த வடிநீர் சற்றுக் கெட்டியாக இருப்பதால் வடிதல் தாமதமாகின்றது. ஊற்றும் உயரம் மிகுந்தால் நுரை மிகும். ஒரு கடையில் கை நீட்டி ஊற்றுபவரின் திறமையைப் பார்க்கவே சிலர் செல்வர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் பரப்பிய ‘தே தாரிக்’, அதாவது இழுத்த தேநீர், இக்கலையின் உடன்பிறப்பே. அங்கே நுரையில்லாத குவளை பாதி வேலையே ஆகும்.

நுரை சுவைக்கு உதவுகின்றதா? ஒரு வகையில் உதவுகின்றது. உடையும் குமிழிகள் மணப்பொருள்களை நாசிக்கு அனுப்புகின்றன. நுரைப்போர்வை சூட்டையும் சிறிது காக்கின்றது. ஆயினும் நாம் நுரையை விரும்புவது பெரும்பாலும் அது புதுமையின் சான்று என்பதால் என்றே தோன்றுகின்றது. இப்போதுதான் ஆற்றப்பட்டது, இப்போதுதான் கறக்கப்பட்டது என்று கண் முதலிற் சொல்லிவிடுகின்றது. இச்சான்று எப்பொழுதும் நம்பத்தக்கதன்று. பதநீரில் நுரை எழுந்தால் அது புதுமைக்குச் சான்றாகாது. கலயத்திற் பூசிய சுண்ணாம்பு போதாமல் புளிப்பேறத் தொடங்கியது என்பதற்கே சான்று.

நுரையும் அளவும்

இனி அலுவலர்க்குரிய பகுதிக்கு வருவோம். ஒரு லிட்டர் அளவுக் குவளையின் உயரம் 20 சென்டிமீட்டர் எனவும், பால் ஊற்றியதும் மேலே 2 சென்டிமீட்டர் நுரை நிற்கின்றது எனவும் கொள்வோம். குவளையில் பத்தில் ஒரு பங்கு நுரை. அந்நுரையில் ஐந்தில் நான்கு பங்கு காற்றாயின், வாங்குபவர் இழப்பது 80 மில்லிலிட்டர். நாள்தோறும் ஒரு லிட்டர் வாங்கினால் மாதத்திற்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர். 1956ஆம் ஆண்டின் எடை அளவைகள் சட்டம் மெட்ரிக் அளவைகளைக் கொணர்ந்தது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை அளவியல் சட்டம் இன்று நடைமுறையில் உள்ளது. முத்திரையிட்ட குவளையின் உண்மையைச் சட்டம் காக்கும். அதில் எதை நிரப்புகின்றோம் என்பதைப் பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு. உயரத்திலிருந்து ஊற்றாமல், குவளையைப் பாலில் அமிழ்த்தி எடுத்தால் நுரை குறையும். எடைபோட்டு வாங்கினால் இத்தொல்லையே இல்லை. பால் சேகரிக்கும் நிலையங்களில் எடை முறை சிறந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1974ஆம் ஆண்டில் டெல்லியில் தொடங்கப்பெற்ற மதர் டெய்ரியின் சாவடிகளில், வில்லையை இட்டால் பொறி பாலை அளந்து ஊற்றும் முறை பரவியது. அங்கே பொறி அளப்பது விழுவதற்கு முன்னிருந்த பாலை. பாத்திரத்தில் நுரை எழுந்தாலும் அளவு குறைவதில்லை. கண்ணுக்குக் கூடுதலாகவே தோன்றும். நுரையைக் கண்டதும் ஐயுறுவோர், அளத்தல் நுரை எழுமுன் நிகழ்ந்ததா, எழுந்தபின் நிகழ்ந்ததா என்பதைக் கேட்கவேண்டும்.

அடுத்தது பால்மானி. லாக்டோமீட்டர் எனப்படும் இக்கருவி பாலின் அடர்த்தியைக் காட்டுவது. அடர்த்தி 1.030 உள்ள பாலில் கருவி 30 காட்டும். பத்தில் ஒரு பங்கு நீர் கலந்தால் ஏறத்தாழ 27 காட்டும். அதாவது ஒரு பாகை இறக்கம் நூற்றுக்கு மூன்று பங்கு நீருக்குச் சமம். இப்பொழுது கறந்த பாலில் நுண்குமிழிகள் நிறைந்திருக்கும். கொழுப்பும் இன்னும் உருகிய நிலையிலேயே இருக்கும். இவ்விரண்டும் அடர்த்தியைக் குறைத்துக் காட்டுவன. சில மணி நேரம் கழித்து அதே பாலை அளந்தால் ஏறத்தாழ ஒரு பாகை உயர்ந்திருக்கும். ரெக்நாகல் என்னும் ஜெர்மானியரின் பெயரால் இவ்விளைவு வழங்குகின்றது. ஆகவே கறந்த சூட்டோடு கொணர்ந்த பாலில் உடனே பால்மானியை மிதக்கவிட்டு, ‘நீர் கலந்துள்ளாய்’ என்று உழவரைக் குற்றஞ்சாட்டுவது அநீதி. பாலை ஓரிரு மணி நேரம் வைத்து, நுரையை நீக்கி, குமிழி எழாதவாறு மெல்லக் கலக்கி, கருவிக்கு உரிய வெப்பநிலையிற் கொணர்ந்த பின்னரே அளக்கவேண்டும். குழாயின் ஓரமாகப் பாலைச் சாய்த்து ஊற்றுக. தண்டில் நுரை ஒட்டியிருந்தால் அளவைக் குறிக்காதீர்.

பொய் நுரை

மக்கள் நுரையை நல்ல பாலின் அடையாளமாகக் கொள்வதைத் தீயோர் பயன்படுத்திக்கொள்கின்றனர். பாலில் சலவைத்தூள் கலக்கும் கொடுஞ்செயல் அத்தகையது. டெல்லியைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் இல்லத்திலேயே செய்யத்தக்க ஒரு சோதனையை அறிவித்துள்ளது. 5 முதல் 10 மில்லிலிட்டர் பாலுடன் அதே அளவு நீர் சேர்த்து நன்கு குலுக்குக. சலவைத்தூள் இருப்பின் அடர்த்தியான நுரை எழும். தூய பாலில் மிக மெல்லிய நுரைப்படலமே தோன்றும். இது முதற்கட்டச் சோதனையே. ஐயம் எழுந்தால் மாதிரியை ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புக.

டெல்லியில் ஓக்லா தடுப்பணைக்குக் கீழே, காளிந்தி குஞ்ச் அருகில் யமுனையின் மேல் மிதக்கும் வெண்ணுரை மலைகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. தூய்மைப்படுத்தப்படாத கழிவுநீரோடு வரும் சலவைப்பொருள்கள், அணையிலிருந்து விழும் நீரின் வேகத்தால் காற்றைப் பற்றி நுரையாகின்றன. காப்பி ஆற்றும்போது நிகழ்வதும் இதுவே. சத் பூசையன்று மக்கள் அந்நுரையினூடே இடுப்பளவு நீரில் நின்று கதிரவனை வணங்கும் காட்சி காண்பவரை வருத்துவது.

வகுப்பறையில் செய்யத்தக்க ஒரு பரிசோதனை

மியூனிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆர்ன்ட் லைக்கே என்னும் இயற்பியலார், பீர் நுரையின் உயரம் காலப்போக்கில் அடுக்குக்குறி விதிப்படி குறைவதை அளந்து காட்டினார். சிரிப்பும் சிந்தனையும் ஊட்டும் ஆய்வுகளுக்கு வழங்கப்பெறும் இக் நோபல் பரிசு 2002ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தது. கதிரியக்கத் தனிமங்களின் தேய்வுக்கும் இதே விதி என்பதால், நுரை மாணவர்க்கு நல்ல பாடக்கருவி. நம் பள்ளிகளில் பீர் வேண்டுவதில்லை.

பூந்திக்கொட்டைத் தோலை நீரில் ஊறவைத்து வடிகட்டிக்கொள்க. ஒரே அளவுள்ள இரண்டு உயர்ந்த கண்ணாடிக் குழாய்களை எடுத்துக்கொள்க. ஒன்றில் அவ்வூறல் நீரைச் சாதாரணத் தண்ணீருடன் கலந்து, வாயை மூடிக் குலுக்கிக் காற்று நுரை எழச் செய்க. மற்றொன்றில் அதே அளவு ஊறல் நீரை இட்டு, அதன்மேல் சோடாவை ஊற்றிக் கரியமிலவாயு நுரை எழச் செய்க. குழாயின் வெளியே ஒட்டிய தாள் நாடாவில் நுரையின் மேல்மட்டத்தையும் கீழ்மட்டத்தையும் அரை நிமிடத்திற்கு ஒருமுறை குறிக்கச் செய்க. கீழ்மட்டம், நுரை வடிந்து சேர்ந்த நீர்மத்தால் உயர்ந்துகொண்டே வருமாதலின், இரண்டையும் குறிப்பது இன்றியமையாதது. வேறுபாடே நுரையின் உயரம். உயரத்தின் மடக்கையை நேரத்திற்கு எதிராக வரைந்து, கோடு எவ்வளவு தூரம் நேராக வருகின்றது, எந்த இடத்தில் வளைகின்றது என்பதை மாணவரே காணட்டும். சோடாக் குழாயில் நுரை முன்னதாக மடிவதையும், குமிழிகள் விரைவிற் பருப்பதையும் உருப்பெருக்கும் கண்ணாடியாற் பார்க்கலாம். இறுதியில் இரு குழாய்களிலும் ஒரு துளி நல்லெண்ணெயை விட்டு, நேர்வதைக் குறிக்கச் சொல்க. மறுநாள் இதே குழாய்களைப் பயன்படுத்துவதாயின், எண்ணெய் முற்றும் நீங்கச் சூடான சோடா உப்பு நீரிற் கழுவிப் பலமுறை அலசி உலர்த்திய பின்னரே எடுக்கவேண்டும்.